அண்ணா நூற்றாண்டு நூலகம், கோட்டூர்புரம்: குழந்தைகள் பிரிவு

காப்பகப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். பீச், மால் எல்லாம் அப்புறம். 2010-ல் திறந்த இந்த நூலகத்தின் முதல் மாடியில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. உள்ளே பெரிய செயற்கை மரம், கைக்கு எட்டும் உயரத்தில் புத்தகங்கள். உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது.

நான் போய்வரும் இல்லத்தில் 9 வயதுப் பெண் ஒருத்தி. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். இந்த நூலகத்துக்குக் கூட்டிவந்தபோது யாரும் "பேசு, பேசு" என்று அவளை நச்சரிக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய விஷயம். சம்மணம் போட்டு, யானைப் படப் புத்தகத்தை மடியில் விரித்து, தும்பிக்கையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். இல்லத்தில் சோப்பு, சீப்பு, அலமாரி எல்லாமே பொது. இந்தப் புத்தகத்தை அவளிடமிருந்து யாரும் பங்கு கேட்கவில்லை. "அக்கா, இதுக்குப் பேரு என்ன?" என்று அவளாகவே கேட்டாள்.

கூட்டிப்போகுமுன் இல்ல நிர்வாகியிடம் முறையாக அனுமதி வாங்குங்கள். படம் எடுத்துப் போடாதீர்கள். இப்பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் தடை உண்டு. நேரம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பக்கத்தில் கிளப்பாதீர்கள்.