“எல்லா ஒரு இன்ச்சும் ஒண்ணுதான் சார்”: அதை நம்பி ஒரு மாதச் சம்பளத்தை இழந்தேன்

முந்தாநாள் இரவு பதினொன்றரை மணிக்குப் பைப் கழன்றது. வீட்டுக்குள் நின்ற தண்ணீரை இன்று காலைதான் முழுதாக வழித்து முடித்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் “போனது போகட்டும்” என்று விட்டுவிடுவேன். விடக் கூடாது. போனது என்னுடைய ஒரு மாதச் சம்பளம்.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைன் பழசாகி அங்கங்கே விரிசல் விட்டிருந்தது. பாதியை மாற்றினால் போதும் என்றார் பிளம்பர். பைப்பும் ஃபிட்டிங்ஸும் ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்தில் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, எல்லாப் பொருளும் விற்கிற தளம். பைப்பின் தலைப்பில் “1 இன்ச் (32 எம்.எம்.)” என்று இருந்தது. பைப்புகளை இணைக்கும் எல்போ, டீ, கப்ளிங் எல்லாம் வேறொரு பக்கத்தில், வெறும் “1 இன்ச்” என்று. இரண்டும் ஒரே விற்பனையாளர்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பழைய பைப்பைப் போட்டோ எடுத்து அனுப்பி, “இந்த லைனோடு இது சேருமா? 32 எம்.எம். என்று போட்டிருக்கிறதே, ஒரு இன்ச் 25.4 தானே?” என்று சாட்டில் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் பதில். “32 எம்.எம். என்பது வெளி அளவு சார். எல்லா ஒரு இன்ச்சும் ஒண்ணுதான். பல வருஷமா இதே வேலை பார்க்கிறோம், தைரியமா போடுங்க.” அந்த முதல் வரிதான் என்னைச் சாய்த்தது. 32 என்பது வெளி அளவு என்பது உண்மையும்கூட. ஒரு உண்மையைச் சொன்னவன் அடுத்த வரியில் பொய் சொல்வான் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே பணம் கட்டிவிட்டேன்.

சரக்கு வந்தது. பிளம்பர் அண்ணன் பைப்பை வெட்டி, பிசிர் நீக்கி, பைப்பை ஒட்டுகிற சொல்யூஷன் தடவாமல் எல்போவுக்குள் விட்டுப் பார்த்தார். பைப் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நேராக அடிவரை போய் ‘டக்’ என்று நின்றது. விரலால் தட்டினால் உள்ளே ஆடியது. “தம்பி, இது லூசா இருக்கு. இப்படிப் போகக் கூடாது. பாதி வழியிலேயே இறுகணும்” என்றார். தொட்டி அடியில் போட வாங்கிய 2 இன்ச் பைப்போ நேர் எதிர். அதற்கென்று வாங்கிய ஃபிட்டிங்குக்குள் நுழையவே இல்லை.

திரும்பவும் சாட். “லூசா இருந்தா சொல்யூஷன் ரெண்டு கோட் போடச் சொல்லுங்க, இறுகிடும். 2 இன்ச்சைச் சூடு காட்டி நுழைங்க.” அண்ணன் சூடு காட்ட மறுத்துவிட்டார். பழைய 2 இன்ச் துண்டு ஒன்றை வைத்து அந்த இடத்தைச் சமாளித்தார். ஆனால் ஒரு இன்ச் லைனை ஒட்டச் சொன்னது நான்தான். முப்பது வருடம் பைப் பிடித்த கை என் எதிரில் நின்று வேண்டாம் என்கிறது. நான் போனில் இருந்தவன் பேச்சைக் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் தொட்டியை நிரப்பினோம். இரவு படிக்கட்டுக்கு மேலே இருந்த எல்போ கழன்று, தொட்டித் தண்ணீர் முழுவதும் படி வழியாக வீட்டுக்குள் இறங்கியது. மர அலமாரியின் அடிப்பலகை ஊதிவிட்டது. மெத்தை போயிற்று. பைப், ஃபிட்டிங்ஸ், இரண்டு நாள் கூலி, அலமாரி, மெத்தை எல்லாம் சேர்த்தால் சரியாக ஒரு மாதச் சம்பளம்.

நேற்று அண்ணன் வந்து செய்து காட்டியதை அப்படியே சொல்கிறேன். செய்தித்தாளிலிருந்து நீளமாக ஒரு கீற்று கிழித்தார். பழைய பைப்பைச் சுற்றி இறுக்கி, முனை சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டார். அதே கீற்றைப் புதுப் பைப்பில் சுற்றி இன்னொரு கோடு. ஸ்கேல் வைத்தால் முதல் கோடு 105 மி.மீ., இரண்டாவது 100.5. அதை 3.14-ஆல் வகுத்தால் பழையது 33.4, புதியது 32. ஒன்றரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. என் வீடு மிதந்தது அந்த இடைவெளியில்தான்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இன்ச் வரிசைப் பைப்பில் “ஒரு இன்ச்” என்பது வெறும் பெயர். அது பழைய இரும்புப் பைப் காலத்து வழக்கம். வெளி விட்டம் 33.4 மி.மீ. ஷெட்யூல் என்பது சுவரின் தடிமனைக் குறிக்கும் எண். அது 40 ஆனாலும் 80 ஆனாலும் வெளி விட்டம் மாறாது, சுவர்தான் தடிக்கும். அதனால் உள் விட்டம் 40-இல் சுமார் 26.6, 80-இல் சுமார் 24.3. ஆக, உண்மையான 25.4 உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மெட்ரிக், அதாவது மில்லிமீட்டர் வரிசையில் பெயரே வெளி விட்டம்: 20, 25, 32, 40, 50, 63. இதில் 32-ஐத்தான் “1 இன்ச்” என்று விற்கிறார்கள். சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பில் செம்புக் குழாய் அளவில் வருவது இன்னொரு கணக்கு. பெயரோடு எட்டில் ஒரு இன்ச் கூட்டினால் வெளி விட்டம், அதாவது ஒரு இன்ச்சுக்கு 28.6. ஒரே பெயரில் மூன்று பைப்!

எனக்கு வந்த பைப் மெட்ரிக், ஃபிட்டிங்ஸ் இன்ச் வரிசை. 2 இன்ச் ஏன் நுழையவில்லை என்பதும் புரிந்தது. ஒரு இன்ச்சில் மெட்ரிக் பைப் சிறியது. 2 இன்ச்சில் மெட்ரிக் 63, இன்ச் வரிசை 60.3. அங்கே மெட்ரிக்தான் பெரியது. இதைத் தெரியாதவன் பைப் விற்க முடியாது. தெரிந்தும் “ஒண்ணுதான்” என்றவனை என்ன சொல்வது?

சொல்யூஷன் என்பது பசை அல்ல. பைப்பின் மேல்தோலையும் சாக்கெட்டின் (ஃபிட்டிங்கில் பைப் நுழையும் குழி) உள்தோலையும் கரைத்து, இரண்டையும் ஒன்றாக்குகிறது. தோலும் தோலும் அழுந்தித் தொட வேண்டும். இடைவெளியை அது நிரப்பாது. பத்து கோட் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இனி தளத்தின் பதில்கள். “உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்.” வெட்டிய பைப்பைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். வெட்டாமல் எப்படி லைன் போடுவது? விற்பனையாளரைக் கேளுங்கள் என்றார்கள். அவர் தளத்தைக் கேட்கச் சொன்னார், கூடவே “உங்க பிளம்பர் சரியா ஒட்டலை” என்றார். அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே ரத்தம் கொதித்தது. சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். “சாட்டில் தருவது பொதுவான தகவல் மட்டுமே” என்று பதில். அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள ஒரு கூப்பன் தருகிறார்களாம். ஒரு மாதச் சம்பளத்துக்குக் கூப்பன்! நான் எழுதிய விமர்சனம் “விதிமுறைக்கு உட்பட்டதல்ல” என்று நீக்கப்பட்டது. அந்தத் தலைப்பு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது, “1 இன்ச் (32 எம்.எம்.)”.

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். அண்ணன் வந்துவிட்டார், மேலே போக வேண்டும். அதனால் வேகமாக: இன்ச் கணக்கில் கேட்காதீர்கள், வெளி விட்டம் எத்தனை மி.மீ. என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய பைப்பைக் காகிதக் கீற்றால் அளந்துவிட்டு வாங்குங்கள். பைப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், தலைப்பை நம்பாதீர்கள். வெட்டுவதற்கு முன்பே முழுப் பைப்பின் முனையை ஃபிட்டிங்கில் விட்டுப் பாருங்கள். சாக்கெட்டின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் இரண்டு பங்குக்கும் நடுவே எங்காவது இறுக வேண்டும். தடையில்லாமல் அடிவரை இறங்கினால் ஒட்டாதீர்கள், யார் என்ன சொன்னாலும்.

நான்காவது புகாரை இன்று காலை போட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.”