கிழிந்த சமையல் குறிப்பும் பிழை மலிந்த மறுபதிப்பும்

போன மாதம் வீட்டுக்கு இரண்டு பொருள்கள் வந்தன. நான் வாங்கியது 1950களில் வந்த ஒரு நாவலின் மறுபதிப்பு, விலை 450 ரூபாய். மகள் வாங்கியது ‘வெண்பா’ என்கிற வீடியோ கேம். ஒரே வாரத்தில் இரண்டையும் முடித்தேன்.

நாவலின் பழைய பிரதி ஒன்று அம்மாவிடம் இருந்தது. 2015 வெள்ளத்தில் போய்விட்டது. அதனால்தான் இந்தப் பதிப்பை ஆசையாக வாங்கினேன். கெட்டி அட்டை, நல்ல தாள், அழகான முகப்போவியம். உள்ளே திறந்தால் முதல் பக்கத்திலேயே ‘காரணம்’ என்பது ‘கரரணம்’ என்று கிடக்கிறது. பழைய பதிப்பை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. துணைக்காலை (‘ா’) அது ‘ர’ என்று படித்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்பதால், தும்பிக்கை போட்ட பழைய லை, னை வரும் இடங்களிலும் குழப்பம். மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். அது படித்ததை மூலத்தோடு ஒப்பிட்டு ஒரு மனிதர் படித்திருக்க வேண்டும். யாரும் படிக்கவில்லை.

இராயப்பேட்டையில் ஒரு சிறிய அச்சகத்தில் 22 வருஷம் புரூஃப் பார்த்தவள் நான். ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்துத் தொடர்வார். புள்ளி, காற்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டே சொல்வோம். முதல் புரூஃப், இரண்டாம் புரூஃப், அப்புறம் பக்கங்கள் அச்சு இயந்திரத்தில் ஏறும் முன் கடைசியாக ஒரு பார்வை. ஈய எழுத்து போய்க் கணினி வந்த பிறகும் சில வருஷம் அப்படித்தான் நடந்தது. பிறகு ஒரு புரூஃப் போதும் என்றார்கள். அப்புறம் அதற்கும் ஆள் வைக்கவில்லை.

‘செய்துக் கொண்டான்’, ‘கெளரவம்’ போன்ற பிழைகள் இப்போது எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. அவற்றைக்கூடத் தாண்டிப் போய்விடுவேன். தாங்க முடியாதது கடைசி அத்தியாயம். சாகக் கிடக்கும் அம்மாவிடம் மகன் சொல்லும் ஒரே வார்த்தை, ‘மண்ணித்துவிடு’. பதினெட்டு வயதில் அந்த வரியில் அழுதிருக்கிறேன். இந்த முறை கண் அந்த ‘ண்’ணிலேயே நின்றுவிட்டது. 212ஆம் பக்கத்தின் கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து, 213 புதுப் பத்தியாகத் தொடங்குகிறது. நடுவில் எத்தனை வரி போயிற்றோ, அம்மாவின் பிரதி இருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

சரி, ‘வெண்பா’. டொரொண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அவளுடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். 212ஆம் பக்கத்தில் நான் பட்ட அதே பாடுதான். ஆனால் இங்கே அந்த இடைவெளியை யோசித்து வைத்திருக்கிறார்கள்.

முதல் சமையல் இட்லி. தட்டுகளைக் குழிக்கு மேல் குழி வராமல் மாற்றி அடுக்க வேண்டும், அப்போதுதான் ஆவி மேலே ஏறும். என் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம். அதை ஒரு கேமில் புதிராக வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ரேடியோவைப் போட்டால் பழைய சினிமாப் பாட்டுச் சாயலில் புதுப் பாட்டுகள் வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் வாடையோடு. என்னை அப்படியே பிடித்துக்கொண்டது இன்னொன்று. மகனுக்குப் புரியாத தமிழ்ச் சொற்கள் திரையில் மங்கலாகத் தெரிகின்றன. எழுத்து மங்குவதை வைத்தே அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் விழும் தூரத்தைச் சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் மகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, அது ஒரு குறைதான். சமையல் இன்னும் நாலைந்து வைத்திருக்கலாம். 2024இல் புதியவர்களின் முதல் கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. தாராளமாக வாங்கலாம்.

அந்த மறுபதிப்பை வாங்காதீர்கள். பழைய புத்தகக் கடைகளில் முந்தைய பதிப்பு கிடைத்தால், அட்டை கிழிந்திருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சிவப்புப் பேனாவால் குறித்தவை 143 பிழைகள். பட்டியல் போட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. முன்பெல்லாம் புத்தகத்தின் பின்னால் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு தாள் ஒட்டி வரும். என் பிரதிக்கு அதை நானே எழுதி ஒட்டிவிட்டேன். 212ஆம் பக்கத்துக்கு நேராக மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.