உறங்கும் மடிக்கணினிகளும் அன்சிபிளும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததையொட்டிப் பழைய கணினிகளை மாற்றிக்கொண்டிருக்கும் அம்பத்தூர் நண்பர் ஒருவர், கணக்குப் பிரிவில் டேலி ஓடும் விண்டோஸ், வடிவமைப்பாளர்களிடம் மேக், சர்வர் அறையில் உபுண்டு என்றிருக்கும் தம் அலுவலகம் முழுவதையும், பல கணினிகளை ஓரிடத்திலிருந்து அமைத்துப் பராமரிக்க உதவும் அன்சிபிள் என்ற மென்பொருள் ஒன்றைக் கொண்டே நிர்வகிக்கலாமா என்று கேட்டார். கிண்டியில் உள்ள எங்கள் அலுவலகத்திலும் ஏறக்குறைய இதே கலவைதான். பல ஆண்டுகளாக அதை அன்சிபிளில் நடத்திவருகிறேன் என்பதால், ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

நிர்வகிக்கப்படும் கணினிகளில் தனியாக ஏஜென்ட் (கணினிக்குள் இருந்தபடி மையத்துடன் பேசும் சிறு மென்பொருள்) எதையும் நிறுவ வேண்டாம் என்பதுதான் முதலில் என்னை ஈர்த்தது. உபுண்டு போன்ற லினக்ஸையும் மேக்கையும் எஸ்.எஸ்.எச். வழியாகவும், விண்டோஸைப் பெரும்பாலும் வின்ஆர்எம் வழியாகவும் அது தொடுகிறது; இரண்டுமே தொலைவிலிருந்து கணினிக்குக் கட்டளை அனுப்பும் வழிகள். இன்னதைச் செய் என்று ஆணையிடுவதற்குப் பதிலாக, கணினி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் பிளேபுக் என்ற கோப்பில் எழுதுகிறோம். ஏற்கெனவே அந்நிலையில் இருக்கும் கணினியை அது தொடாமல் கடந்துவிடுகிறது. ஊழியர் ஒருவர் விலகும் நாளில் அவருடைய கணக்கை மூன்று இயங்குதளங்களிலும் ஒரே ஓட்டத்தில் முடக்க முடிவதும், அதே பிளேபுக்கை மறுநாள் ஓட்டினால் எல்லா வரிகளும் பச்சையாக வருவதும் இன்றும் எனக்கு நிறைவு தருகின்றன. மென்பொருள்களை நிறுவ உபுண்டுவுக்கு ஏபிடி, மேக்குக்கு ஹோம்புரூ, விண்டோஸுக்கு வேறு மாட்யூல் (பணிக்கூறு) என்று உள்ளே பணிகள் மூன்றாகப் பிரிந்தாலும், யாருக்கு என்ன உரிமை என்பது ஒரே கோப்புத் தொகுப்பில் எழுத்தாக இருக்கிறது.

ஆனால் அன்சிபிள், கணினி விழித்திருக்கும் என்று நம்புகிறது. மையக் கணினியிலிருந்து கட்டளையைத் தள்ளும் முறையில் அது இயங்குவதால், மூடிவைக்கப்பட்ட மடிக்கணினி அதற்கு ‘அன்ரீச்சபிள்’ என்ற ஒரு சிவப்பு வரி மட்டுமே. அந்தக் கணினியை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடர்கிறது. விடுபட்டது யார் என்பதை நினைவில் வைத்து, அவர் திரும்பி வந்ததும் பணியை முடிக்கும் வழக்கம் அதற்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மின்சாரமின்றி இருந்த எங்கள் ஊழியர்களின் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெற்றபோது, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் புதுப்பிப்பை அனுப்ப வேண்டியிருந்தது. மழையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நிர்வாகக் கருவி என்று ஒன்று இருக்கும்போது அந்தக் கணக்கை மனிதர் தலையில் வைத்திருப்பது சரியில்லை.

இதற்கு மருந்தாக ‘அன்சிபிள் புல்’ இருக்கிறதே என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். கணினியே விழித்தெழுந்து, கோப்புகளைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து பிளேபுக்கை இழுத்து, தன்மீது தானே ஓட்டிக்கொள்ளும் முறை அது. லினக்ஸிலும் மேக்கிலும் அழகாக நடக்கிறது. விண்டோஸில் நடக்காது, ஏனெனில் அன்சிபிளை விண்டோஸ் நேரடியாக ஓட்டுவதில்லை, டபிள்யூ.எஸ்.எல். என்ற லினக்ஸ் அடுக்கு உள்ளே வேண்டும். கணக்காளரின் விண்டோஸைப் பராமரிக்க அதற்குள் ஒரு லினக்ஸை நிறுவிப் பராமரிப்பதை நான் ஏற்கவில்லை. எங்களிடம் அதிகம் பயணிக்கும் மடிக்கணினிகள் விற்பனைப் பிரிவின் விண்டோஸ் கணினிகளே. மருந்து எட்டாத இடமும் அதுவே.

ஆகவே மையக் கணினி மணிக்கொரு முறை எல்லோரையும் தட்டிப் பார்க்கும்படி அமைத்திருக்கிறேன். வேலை நடக்கிறது. ஆனால் உறங்குபவர்களால் பதிவேடு சிவப்பாகவே நிறைந்துகிடக்கிறது. உண்மையாகவே பழுதான வட்டு ஒன்றின் சிவப்பு வரி அதற்குள் புதைந்துவிடும் என்ற கவலை என்னை விடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வசதியைப் பற்றியும் ஒரு சொல். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. பிளேபுக்கில் ‘சீரியல்’ என்ற ஒரு வரியை எழுதினால், அன்சிபிள் கணினிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவாக அனுப்புகிறது; முதல் குழு முழுவதும் தோற்றால் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த ஒரு வரிக்காகவே அன்சிபிளை நான் மதிக்கிறேன்.

இத்தனை பாராட்டியும் நண்பருக்கு நான் தரும் பதில், வேண்டாம் என்பதே. அவர் அலுவலகத்தில் பெரும்பாலானவை பையில் ஏறிச் செல்லும் மடிக்கணினிகள். கணினியே விழித்ததும் மையத்தைத் தேடிவரும் ஏஜென்ட் கொண்ட கருவிக்கு அவர் பணம் கொடுப்பதே நல்லது. எங்கள் அலுவலகத்தில் அன்சிபிளை நான் கைவிடப் போவதில்லை. அவரும் விரும்பினால் உபுண்டு சர்வர்களையும், மேசையை விட்டு நகராத டேலி கணினிகளையும் மட்டும் இன்வென்டரியில், அதாவது அன்சிபிள் நிர்வகிக்கும் கணினிகளின் பட்டியலில், சேர்த்துத் தொடங்கட்டும். மடிக்கணினி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் நுழைய வேண்டாம்.