காலிக் கட்டத்தை நிரப்புவதா, விவர வரியை நிறுத்திவைப்பதா?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதிகளிலிருந்து வரும் தமிழ் மாணவர்களின் விவரங்களை எக்செல் கோப்பிலிருந்து கல்லூரித் தளத்தில் ஏற்றும்போது, காலிக் கட்டங்களுக்கு முன்கூட்டியே ஒரு மாற்று மதிப்பை விதித்துவிட்டால் எந்த மாணவரின் விவர வரியும் (கோப்பின் கிடைவரிசை) தடைபடாது. ஆனால் தாய்மொழிக் கட்டம் காலியாக இருந்தால் ‘மலையாளம்’ என்று நிரப்பும் விதி, மொழிச் சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவரைப் பதிவேட்டிலிருந்தே மறைத்துவிடுகிறது. எச்சரிக்கை எதுவும் வராததால், பின்னர் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். வரியை நிறுத்திவைத்து மாணவரிடமே கேட்டு நிரப்புவது சேர்க்கை நாள்களில் அலுவலகத்துக்குச் சுமைதான் என்றாலும், தாய்மொழி, பிறந்த தேதி, இடஒதுக்கீட்டுப் பிரிவு ஆகியவற்றுக்கு அதுவே சரி என்பேன். குடும்பப்பெயர் மட்டும் வேறு: நம்மவர் பலருக்குத் தலைப்பெழுத்தே உண்டு என்பதால், அங்கே அதை இட்டுக்கொள்ளும் மாற்று விதி உண்மையைத் திரிப்பதில்லை.