ஏர் ஃபில்டர் மட்டும் போதுமா, முழு இன்டேக்கையும் மாற்றலாமா?

இன்டேக் என்பது என்ஜினுக்குக் காற்று போகும் முழு வழி. வண்டியோடு வரும் பேப்பர் ஃபில்டர், அதே ஏர்பாக்ஸில் (ஃபில்டர் இருக்கும் பெட்டி) உட்காரும் காட்டன் அல்லது ட்ரை ஃபில்டர், ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டுப் போடும் கோன் ஃபில்டர், பம்பர் வரை குழாய் இறங்கும் கோல்டு ஏர் இன்டேக். இந்த நான்கையும் ஒப்பிடுமுன் ஒரு சின்னக் கணக்கு.

2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 5400 லிட்டர் காற்றை இழுக்கும். அப்போது ஃபில்டரால் மட்டும் 1 கிலோபாஸ்கல் அழுத்தம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல். ஆக, ஃபில்டரையே தூக்கி எறிந்தாலும் கூடுதலாகக் கிடைக்கும் காற்று ஏறக்குறைய 1 சதவீதம்தான். அதே என்ஜின் 10 டிகிரி கூடுதல் சூடான காற்றை இழுத்தால் காற்றின் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும்.

பானட்டுக்குள் திறந்து கிடக்கும் கோன் ஃபில்டர் தோற்பது இங்கேதான். கம்பெனி ஏர்பாக்ஸின் மூக்குக் குழாய் கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றைக் கொண்டுவருகிறது. அதைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் சூட்டை இழுக்கும் கோனைப் போட்டால் கிடைப்பது சத்தம். அந்தச் சத்தத்தைத்தான் பலர் பவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கோன்தான் வேண்டுமென்றால், சுற்றிலும் தடுப்புப் பெட்டியும் அதற்குள் வெளிக்காற்று வரும் வழியும் உள்ள கிட்டை மட்டும் பாருங்கள்.

ஏர்பாக்ஸுக்குள் போடும் ஃபில்டர்களில் உண்மையான வித்தியாசம் தூசி பிடிக்கும் திறன். ஏர் ஃபில்டர்களைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 5011 முறையில் சோதித்த எண்ணைத் தரும் தயாரிப்பை எடுங்கள். 99 சதவீதத்துக்கும் 98 சதவீதத்துக்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று விட்டுவிடக் கூடாது: இரண்டாவது ஃபில்டர் என்ஜினுக்குள் விடும் தூசி முதலாவதைப் போல இரண்டு மடங்கு. அது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். டர்போ இருந்தால் அதன் கம்ப்ரஸர் இறக்கை விளிம்பையும் அரிக்கும். பேப்பரில் தூசி படியப் படிய வடிகட்டும் திறன் கூடும். அதனால் அடிக்கடி கழற்றித் தட்டுவதும், அதிக அழுத்தக் காற்றால் ஊதுவதும் நல்லதற்கில்லை. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தாலே ஃபில்டர் வீண்.

கே அண்ட் என் போன்ற எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரின் பலம், கழுவித் திரும்பப் போடலாம் என்பது. பலவீனம், அந்தக் கழுவும் வேலையே. அதற்கான கிளீனரைத் தெளித்துச் சுமார் 10 நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கிக் குறைந்த வேகத்தில் தண்ணீர் விட வேண்டும். நிழலில் தானாகக் காய வேண்டும். ஹேர் டிரையரும் கம்ப்ரஸரும் கூடாது. பிறகு ஒவ்வொரு மடிப்பின் மேலும் மெல்லிய கோடாக எண்ணெய் விட்டு, 20 நிமிடம் பொறுத்து, நிறம் வெளுத்த இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் தொட்டு வைக்கலாம். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். அதிகமானால், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து, காற்றின் அளவைத் தவறாகக் காட்டும். பி0101 அல்லது பி0171 என்ற பிழைக் குறியீட்டுடன் செக் என்ஜின் விளக்கு எரியலாம். அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும் கழுவுங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம், கம்பியைத் தொடவும் வேண்டாம். இத்தனை பொறுமை இல்லாதவருக்கு ஏஇஎம் ட்ரைஃப்ளோ போன்ற, எண்ணெயே தேவைப்படாத ட்ரை ஃபில்டர்தான் சரி.

எதைப் போட்டாலும் ஓர ரப்பர் முழுச் சுற்றும் அழுந்துகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் லேசாக கிரீஸ் தடவிப் பெட்டியை மூடித் திறந்தால், மேல்மூடியில் தடம் விடுபட்ட இடம் ஒழுகும் இடம். கொஞ்ச நாள் ஓட்டியபின் சுத்தமான பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் தூசி வந்தால் அந்த ஃபில்டரை நம்ப வேண்டாம்.

கோல்டு ஏர் இன்டேக் குளிர்ந்த காற்றைத் தருவது உண்மைதான். ஆனால் தேங்கிய தண்ணீரில் அதன் வாய் மூழ்கினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். குழாயின் விட்டமும் முக்கியம். சென்சார் உட்காரும் இடம் 70 மில்லிமீட்டரிலிருந்து 76 ஆனால் குறுக்குப் பரப்பு 18 சதவீதம் கூடும். அதே காற்றை சென்சார் சுமார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். என்ஜின் லீனாக, அதாவது காற்றுக்குத் தேவையானதைவிடக் குறைந்த எரிபொருளோடு ஓடும். முழு ஆக்சிலரேட்டரில் பல என்ஜின்கள் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்துவதில்லை என்பதால், ஆபத்து அங்கேதான் அதிகம். ட்யூனிங் (என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) செய்யும் திட்டம் இல்லாதவர்கள், சென்சார் இடத்தில் பழைய விட்டத்தையே வைத்திருக்கும் கிட்டை எடுக்க வேண்டும்.

மைலேஜுக்காக ஃபில்டர் மாற்றுவதானால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜின், வரும் காற்றுக்கு ஏற்ப எரிபொருளைத் தானே குறைத்துக்கொள்கிறது. தினசரி ஓட்டத்துக்கு, தூசி நிறைந்த சாலைக்கு, நல்ல பேப்பர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதே எங்கள் தேர்வு.

இன்டேக் மாற்றியபின், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தைப் பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால், சென்சாருக்குப் பின்னால் ஏதோ ஒரு கிளாம்ப் அல்லது ஹோஸில் காற்றுக் கசிவு. ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சென்சாரையும் குழாய் விட்டத்தையும்.