விலைச்சீட்டைப் பார்க்கும் முன் உடுப்பைத் திருப்பிப் பாருங்கள்: சென்னை பூட்டிக்குகள் பற்றி

சென்னையில் பூட்டிக் என்று போர்டு மாட்டியிருக்கும் கடைகளில் மூன்று ரகம் உண்டு. துணியைத் தானே தேர்ந்து, தானே வெட்டி, சொந்தத் தையல்காரர்களை வைத்துத் தைப்பது ஒரு ரகம். பல வடிவமைப்பாளர்களின் உடுப்புகளை ஒரே கூரையின் கீழ் விற்பது இன்னொன்று. வெளியூரில் மொத்தமாக வாங்கி வந்து, பழைய லேபிளைப் பிரித்துவிட்டுத் தன் லேபிளை வைத்து அடிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது ரகத்தில் வாங்குவதில் தப்பொன்றும் இல்லை. முதல் ரகத்தின் விலையைக் கொடுத்து மூன்றாவது ரகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் வயிற்றெரிச்சல். மஞ்சள் விளக்கையும் பித்தளை உருளியையும் அதில் மிதக்கும் பூவையும் வைத்து எந்தக் கடை எந்த ரகம் என்று சொல்ல முடியாது. உடுப்பை உள்பக்கமாகத் திருப்பினால் சொல்லிவிடலாம்.

முதலில் கழுத்து. லேபிளைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தாலோ, லேபிள் நூலும் கழுத்துத் தையல் நூலும் வேறு வேறு நிறமாக இருந்தாலோ, அது வேறெங்கோ தைத்து வந்த சரக்கு என்று பெரும்பாலும் நம்பலாம். அடுத்து பக்கத் தையல். தொழிற்சாலைச் சரக்கில் தையலுக்கு வெளியே அரை அங்குலத் துணிகூட இருக்காது. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினின் கத்தி மிச்சத்தை அரிந்து தள்ளியிருக்கும். நல்ல பூட்டிக்கில் பக்கத்துக்கு 1 முதல் 1½ அங்குலம் உள்ளே விட்டிருப்பார்கள். 1 அங்குலம் என்றே வைத்துக்கொள்வோம். பிடிப்புக்குக் கால் அங்குலம் போக முக்கால் மிஞ்சும். முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம் என்று நான்கு இடத்திலும் பிரித்தால் மொத்தம் 3 அங்குலம் அகலப்படுத்தலாம். உடம்பு ஏறினாலும் அந்த உடுப்பு இன்னும் சில வருடம் உழைக்கும் என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: பட்டு, சாட்டின், ஆர்கன்சா போன்றவற்றில் தையலைப் பிரித்தால் பழைய ஊசித் தடம் மறையாது. அவற்றில் மார்ஜின் இருந்தும் பெரிய பயன் இல்லை.

தையல் நெருக்கத்தையும் எண்ணுங்கள். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் இருக்க வேண்டும். 6, 7 என்றால் அவசரத்தில் ஓட்டியது. பக்கத்தை இரு கையாலும் இழுத்தால் நூல் பல்லைக் காட்டும். கட்டம் போட்ட துணியிலும், நூலிலேயே சாயமேற்றி நெய்யும் இக்கத் துணியிலும் பக்கத் தையலில் கட்டம் கட்டத்தோடு சேருகிறதா என்று பாருங்கள். சேர்க்க வேண்டுமானால் கூடுதல் துணி வீணாகும். அந்த வீணைத் தாங்கிக்கொள்ளும் கடையைத் தாராளமாக நம்பலாம்.

இனி போட்டுப் பார்ப்பது. கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நின்றால் எல்லாக் குர்த்தாவும் அழகாகத்தான் விழும். ஸ்கூட்டர் ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல இரு கையையும் முன்னால் நீட்டுங்கள்; முதுகு இழுத்தால் அளவு போதவில்லை. பேருந்துக் கம்பியைப் பிடிப்பது போல ஒரு கையை மேலே தூக்குங்கள். குர்த்தா மொத்தமும் இரண்டு மூன்று அங்குலம் மேலேறினால் அக்குள் வெட்டு கீழே இறங்கிவிட்டது என்று பொருள். பலரும் லூசாக வேண்டும் என்று இறங்கிய அக்குளைக் கேட்டு வாங்குகிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர்: அக்குள் உயரமாக, கை போதிய அகலத்தில் வெட்டியிருந்தால்தான் கை தாராளமாக அசையும். பிறகு உட்கார்ந்து பாருங்கள். இடுப்புப் பக்க ஸ்லிட் வயிற்றுக்கு மேல் போய்த் திறந்துகொண்டால் அந்த வடிவம் உங்களுக்கு ஒத்துவராது.

தோள் பொருந்தாவிட்டால் வாங்கவே வேண்டாம். பக்கத்தைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கையைச் சுருக்கலாம். தோளையும் அக்குளையும் கழுத்து அகலத்தையும் தொட்டால் உடுப்பையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். ‘ஆல்டர் பண்ணிக்கலாம் மேடம்’ என்று விற்பனைப் பெண் சொன்னால், எந்த இடத்தை என்று கேளுங்கள்.

ஒரு கடையின் எம், இன்னொரு கடையில் எல். அதனால் எழுத்தை விட்டுவிட்டு அங்குலத்தைக் கேளுங்கள். 38 என்று சொன்னால் அது உடம்பளவா, உடுப்பளவா என்பதையும் கேட்டாக வேண்டும். நீளாத கைத்தறித் துணியில் குர்த்தாவுக்கு மார்பளவை விட 4 அங்குலமாவது கூடுதல் வேண்டும். ஒட்டிய தையலுக்கு 2 போதும். வீட்டில் அதிகம் போடும் குர்த்தா ஒன்றைத் தரையில் விரித்துத் தோள், மார்பு, அக்குள், இடுப்பு, கைச் சுற்று, நீளம் என்று ஆறு எண்ணைக் கைப்பேசியில் குறித்து வைத்தால், பையில் ஒரு டேப்போடு எந்தக் கடைக்கும் போகலாம். டிரையல் ரூம் வரிசையில் நிற்கும் நேரம் பாதியாகும். இன்ஸ்டாகிராமில் மட்டும் விற்கும் வீட்டு பூட்டிக்குகளிடம் வாங்கும்போதும் இந்த ஆறு எண்தான் துணை. அவர்கள் அனுப்பும் அளவுப் பட்டியல் உடுப்பளவு என்று உறுதியாகத் தெரிந்த பிறகு பணம் அனுப்புங்கள்.

எங்கே போவது? முதல்முறை போகிறவர்களுக்கு ஒயிட்ஸ் ரோடு அமெதிஸ்ட். மரங்கள் சூழ்ந்த தோட்டம், அதில் ஒரு கஃபே, உள்ளே பல வடிவமைப்பாளர்களின் உடுப்புகள். விலை மலிவல்ல. ஆனால் ஒரே மணி நேரத்தில் ஐந்தாறு பேருடைய வெட்டைப் போட்டுப் பார்த்து, எது தன் தோளுக்குச் சரிவருகிறது என்று தெரிந்துகொள்ள இது வசதியான இடம். வாங்காமல் வந்தாலும் லாபம்தான். நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் ரோடு வேறு உலகம்: எவால்யூசியோன் போன்ற கடைகளில் பெரிய பெயர்களின் கல்யாண உடுப்புகள், அதற்கேற்ற விலை. தினசரி உடுப்புக்காக அங்கே போவது, காய் வாங்க நகைக்கடைக்குப் போவது மாதிரி. சேமியர்ஸ் ரோட்டில் உள்ள அனோகி சென்னைக் கடையல்ல. 1970இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனம். ஆனாலும் அசல் மர அச்சு வேலை எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள அங்கே ஒருமுறை போய்வாருங்கள்.

அந்தக் கண் பின்னால் மற்ற கடைகளில் கைகொடுக்கும். மர அச்சைக் கையால் ஒத்தும்போது, ஒரு அச்சும் அடுத்ததும் சேருமிடத்தில் மயிரிழை விலகல் இருக்கும். ஓரத்தில் சிறு புள்ளி தெரியும். சாயம் பின்பக்கமும் ஓரளவு ஊறியிருக்கும். டிஜிட்டல் பிரிண்டில் முன்பக்கம் பளிச்சென்றிருக்க, பின்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். கலம்காரி என்று சென்னையில் விற்கும் பலவும் ஸ்கிரீன் பிரிண்ட்தான். மூங்கில் எழுதுகோலால் கையால் வரைவது ஸ்ரீகாளஹஸ்தி முறை, மர அச்சால் ஒத்துவது மசூலிப்பட்டினம் முறை. எந்த ஊர் வேலை என்று கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால் கலம்காரி விலை கொடுக்காதீர்கள்.

சென்னை வெக்கைக்கு மேல்துணியை விட லைனிங் முக்கியம். மேலே மெல்லிய பருத்தி, உள்ளே பாலியஸ்டர் கிரேப் என்று தைத்த உடுப்பை ஏசி ஷோரூமில் போட்டால் ஒன்றும் தெரியாது. மே மாதம் மாம்பலம் ஸ்டேஷன் படி ஏறினால் தெரியும். மல் காட்டன் என்னும் மெல்லிய பருத்தியில் லைனிங் வேண்டும் என்று கேளுங்கள். அதிலும் லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டினார்களா என்பதை விட்டுவிடாதீர்கள். பட்டு ஜாக்கெட்டுகள் முதல் துவைப்புக்குப் பிறகு சுருங்கிச் சுருங்கி நிற்பதற்கு வழக்கமான காரணம் இதுதான்: உள்ளே பருத்தி சுருங்கும், மேலே பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது.

நனைக்காத கைத்தறிப் பருத்தி 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். 44 அங்குலக் குர்த்தாவில் அது இரண்டு அங்குலத்துக்கு மேல். ‘பிரீவாஷ்’ என்று சொன்னால் சரி, இல்லையென்றால் நீளத்தைக் கூட்டியே வாங்குங்கள். சாயத்துக்கு ஒரு சோதனை: வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து, உடுப்பின் உள்மடிப்பில் பத்துமுறை தேயுங்கள். அவுரிச் சாயத்தில் (இண்டிகோ) நீலம் கொஞ்சம் ஒட்டினால் பதற வேண்டாம். அது இழையின் மேற்பரப்பில் படியும் சாயம், சில துவைப்பில் அடங்கும். அடர் சிவப்போ கறுப்போ கைக்குட்டையை நனைத்தெடுத்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

இயற்கைச் சாயம் என்று சொல்லி விற்கும் இடங்களில் அதன் குணத்தையும் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். மஞ்சளில் தோய்த்த துணி வெயிலில் வெளுக்கும், காரச் சோப்பு பட்டால் சிவக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து தரும் கறுப்பில் எலுமிச்சை ரசம் ஒரு சொட்டு சிந்தினால் அந்த இடம் வெளிறிவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லும் கடை நேர்மையான கடை. மானாவாரி நாட்டுப் பருத்தி, கைநூற்பு, கைநெசவு, இயற்கைச் சாயம் என்று முழுச் சங்கிலியையும் பிடித்து நடத்தும் சென்னையின் ‘துலா’ என்ற அமைப்பு இந்த வகையில் தனி. வெட்டில் புதுமை தேடுகிறவர்களுக்குச் சலிக்கலாம், துணியில் குறை காண்பது கடினம்.

ரெடிமேடில் தோள் சரிவராதவர்கள் துணி எடுத்துத் தைப்பதே மேல். அதற்கு பூட்டிக் விலை தேவையில்லை. 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸின் எழும்பூர்க் கடை, மொத்தமாக வேண்டுமானால் பாரிமுனை கோடவுன் தெரு, அவ்வப்போது எல்டாம்ஸ் ரோடு சி.பி. ஆர்ட் சென்டரில் நடக்கும் நெசவுக் கண்காட்சிகள். கண்காட்சிக்கு முதல் நாள் காலையிலேயே போக வேண்டும். கடைசி நாள் போனால் மிஞ்சியதைத்தான் பார்க்கலாம்.

அளவெடுத்துத் தைத்துத் தரும் பூட்டிக்கைச் சோதிக்க எளிய வழி, எத்தனை அளவு எடுக்கிறார்கள் என்று எண்ணுவது. மார்பு, இடுப்பு, நீளம் என்று மூன்றோடு நிறுத்தினால், கையிலிருக்கும் ஒரு பொதுவடிவத்தை லேசாகப் பிடிக்கப் போகிறார்கள், அவ்வளவே. ஜாக்கெட்டுக்கு மட்டும் பன்னிரண்டு அளவாவது வேண்டும்: தோள், முன்கழுத்து, பின்கழுத்து, மேல்மார்பு, மார்பு, கீழ்மார்பு, தோளிலிருந்து டாட் (மார்புப் பக்கம் பிடிக்கும் மடிப்புத் தையல்) முனை, இரு முனைகளுக்கு நடுவே உள்ள தூரம், அக்குள், கை நீளம், கைச் சுற்று, மொத்த உயரம். உடுப்போடு எந்த உள்ளாடை போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து ‘இதே மாதிரி’ என்றால், அதிலுள்ள பிசகும் இதே மாதிரி வரும். புடவையோடு வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 செ.மீ. முழங்கை நீளக் கைக்கு அது பலருக்குப் போதாது. வெட்டிய பிறகு அழுது பயனில்லை. கைத் தையல் ஓட்டிய நிலையில் ஒரு டிரையல் தருவார்களா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்திலும் தை முகூர்த்த நாட்களிலும் சொன்ன தேதிக்கு வரும் என்று நம்பி விசேஷத்துக்குப் போக முடியாது. ஒரு வாரம் முன்கூட்டிய தேதியைச் சொல்லுங்கள், பொய்யானாலும் பரவாயில்லை.

பில் விஷயத்தில் ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த உடுப்பு ஒன்றின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ஆக 2,500 ரூபாய்க் குர்த்தா வரியோடு 2,625. 2,600 ரூபாய்க் குர்த்தா 3,068. நூறு ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போவது 443. இந்த எல்லைக்குச் சற்று மேல் நிற்கும் உடுப்புக்குச் சின்னத் தள்ளுபடி கேட்பதில் வெட்கமே வேண்டாம். விலைச்சீட்டில் எம்.ஆர்.பி. என்று அச்சிட்டிருந்தால் வரி அதற்குள் அடக்கம். மேலே ஏற்றக் கூடாது. ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லில் ஜிஎஸ்டி வசூலித்தால் கேள்வி கேளுங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரி, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்புவதற்குப் பொருந்தலாம். குறையுள்ள பொருளுக்குப் பொருந்தாது: பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் கொண்டுவந்த குறையுள்ள பொருளை வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

தனக்கென்று ஒரு பாணி வேண்டும் என்பவர்கள் செய்யும் பெரிய தப்பு, ஒரே நாளில் நான்கு கடை ஏறி நான்கு விதமாக வாங்குவது. பீரோவைத் திறந்து, போன மாதம் அதிகம் போட்ட ஐந்து உடுப்பை எடுத்துக் கட்டிலில் போடுங்கள். கழுத்து வடிவம், கை நீளம், நிறக் குடும்பம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகும். அதுதான் உங்கள் பாணி. அந்த இரண்டை மாற்றாமல் மூன்றாவதை மட்டும் மாற்றிப் பாருங்கள். நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் விளக்கில் அரக்கு என்று தெரிவது தெருவில் செங்கல்லாகத் தெரியும். உடுப்போடு வாசல் வரை வந்து பார்க்க விடாத கடையில் அடர் நிறம் எடுக்கவே வேண்டாம்.

ஆண்களுக்கு இந்த ஊரில் பூட்டிக் சொற்பம். கைத்தறிச் சட்டை எடுப்பவர்கள் தோள்பட்டைத் துண்டு இரட்டைத் துணியா, காலர் துவைத்த பிறகும் கொப்பளிக்காமல் இருக்குமா என்று இரண்டைக் கேட்டால் போதும்.

தள்ளுபடி நாளில் போவதானால் ஒன்று: அன்றைக்கு ஆல்டரேஷன் இலவசமில்லை, பல இடங்களில் கிடையவே கிடையாது. ஹேங்கரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் எக்ஸ்எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும். டபுள் எக்ஸ்எல்லை எடுத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தோளை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.