நேரக் கணக்கு எழுதுவதா, நேரத்தை முன்பே ஒதுக்குவதா?

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, வேலைக்கும் பயணத்துக்கும் 60 போனால் மிச்சம் 52. குடும்பம்தான் முக்கியம் என்கிறவருக்கும் அந்த 52 எங்கே கரைகிறது என்று தெரிவதில்லை.

கணக்கு எழுதுவது அதைக் காட்டிவிடும். நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம், அரை மணிக்கு ஒரு வரி, 7 நாள். சாப்பாட்டு வேளைதோறும் எழுதுங்கள். ராத்திரி மொத்தமாக எழுதினால், மறந்ததையெல்லாம் மனசு நல்ல பெயரில் நிரப்பிவிடும். 6.30 முதல் 8 வரை ‘பிள்ளையோடு’ என்றிருக்கும்; பிள்ளை வீட்டுப்பாடம் எழுத, பக்கத்தில் நீங்கள் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தது வராது. போன் செட்டிங்ஸில் உள்ள திரைநேரக் கணக்கோடு ஒப்பிட்டால் குட்டு உடையும்.

முன்பே ஒதுக்குவதற்கு ஞாயிறு மாலை 20 நிமிடம் போதும். ‘உடற்பயிற்சி’ என்று எழுதாதீர்கள். ‘செவ்வாய் காலை 6, பூங்காவில் 40 நிமிட நடை’ என்று எழுதுங்கள். பலர் சறுக்குவது இடைவெளியில்லாமல் அடுக்குவதில்தான். ஒரு மீட்டிங் அரை மணி இழுத்தால் அன்றைய வரிசையே சரியும். கால்வாசியாவது காலியாக இருக்கட்டும்.

ஷிஃப்ட் மாறுகிறவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் ஒதுக்கீடு ஒத்துவராது, கணக்கே மேல். மற்றவர்கள் ஒரு வாரம் கணக்கு எழுதிவிட்டு ஒதுக்கீட்டுக்கு மாறலாம். மாதக்கணக்கில் கணக்கு எழுதுவது வீண்வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் போதும்.